தறி வீட்டிலிருந்து கல்லூரிக்கு: பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே தொடங்க வேண்டிய வேலைகள்

பள்ளிபாளையத்துத் தறியிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் உழைக்கிற வீடுகளில், நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகூட ஜூன் மாதம் வேலைக்குப் போய்விடுகிறது. சான்றிதழ் நேரத்துக்குக் கையில் இல்லாததும், சேர்க்கையன்று கட்டப் பணம் இல்லாததும்தான் பெரும்பாலும் காரணம். தேர்வு முடிவு மே மாதத் தொடக்கத்தில் வரும். அதுவரை காத்திருக்கவே கூடாது.

மார்ச் கடைசியிலேயே இ-சேவை மையத்துக்குப் போங்கள். முதலில் கேன் எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் பதிவு எண்) பதிய வேண்டும். பிறகு சாதி, வருமானம், முதல் பட்டதாரி (வீட்டில் இதற்குமுன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கானது) என மூன்று சான்றுகளுக்கும் விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அப்பா இல்லாத வீடு என்றால் இறப்புச் சான்றையும் எடுத்துப் போங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், ரேஷன் கார்டில் இருக்கவே இருக்காது. ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஒத்ததாக முதலில் திருத்திவிடுங்கள். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல்: பழைய முகவரியில் விண்ணப்பித்தால் அது சொந்த ஊர்த் தாலுகாவுக்குப் போய்விடும். அங்கே விசாரிக்கும் விஏஓ, “இங்க குடியில்லைங்க” என்று எழுதிவிடுவார். சொந்த ஊரில் வாங்கிய சாதிச் சான்று எப்போதும் செல்லும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால், முகவரியை மாற்றிவிட்டு அதை இங்கேயே வாங்குவது நல்லது.

அரசு கலைக் கல்லூரிக்கான விண்ணப்பச் செலவு, பதிவுக் கட்டணத்தோடு 50 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டுமே. கோவை அரசு கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா, உடுமலை என எட்டும் தூரத்தில் உள்ளவை எல்லாவற்றையும் விருப்பப் பட்டியலில் போடுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். கோவையில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியான ஜிசிடியில் கட்டணமில்லாமல் படிக்க முடியும் என்பது பல வீடுகளுக்குத் தெரியவே தெரியாது. இங்கேதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. கொங்குப் பகுதியில் தனியார் பொறியியல் கல்லூரிகள் ஏராளம். ரிசல்ட் வந்த அன்றே, “சீட் இருக்குதுங்க, இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க” என்று புரோக்கர்கள் வாசலுக்கு வருவார்கள். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் உள் ஒதுக்கீட்டுச் சலுகையும் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைக்காது. இரண்டுக்கும் கவுன்சலிங் வழியாகத்தான் சேர வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தாலும் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காது.

அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்த உடனே கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். வங்கிக்கு ஆதார் நகலைக் கொடுத்தால் மட்டும் போதாது. “உதவித்தொகை வருவதற்கு ஆதார் சீடிங் (அரசுப் பணம் வர ஆதாரைக் கணக்கோடு இணைப்பது) ஆகியிருக்குதுங்களா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். பள்ளியில் தொடங்கிய கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும்.

தறி முதலாளியிடம் அம்மா வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை வேலைக்கு அனுப்பச் சொன்னால், அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் நைட் ஷிப்ட்டைத் தவிருங்கள். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். மதிய ஷிப்ட் வகுப்புள்ள கல்லூரி என்றால் காலையில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போகலாம்.

இப்படிக் கல்லூரிக்குப் போனவர்கள் ஊருக்குச் செய்ய வேண்டிய முதல் உதவி, இதே வேலையை அடுத்த பிள்ளைக்குச் செய்து கொடுப்பது. மே 1 கிராம சபை நாளில், தேர்வு முடிவுக்குச் சில நாள் முன்னதாக, பள்ளித் திண்ணையில் ஒரு மேசை போடுங்கள். பிளஸ் டூ எழுதிய எல்லோரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, யாருக்கு எந்தச் சான்று பாக்கி, எது எதற்காகத் திரும்பியது என்று குறியுங்கள். கல்லூரியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்தால், இந்த வேலையை அதன் இரண்டாண்டு 240 மணி நேரச் சேவைக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் கேளுங்கள். ஜூலையில் இன்னொரு முறை அந்தப் பட்டியலைப் பார்த்து, எங்கும் சேராத பிள்ளைகளின் வீட்டுக்கு நேரில் போங்கள். தாய்மாமனோ பெரியப்பாவோ தடுப்பதாகத் தெரிந்தால், அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.