மிளகாய் கீறும்போது செய்யக்கூடாத தவறுகள்

மோர் மிளகாய் போடுவதற்காக ஒரு கிலோ பச்சை மிளகாயை வெறுங்கையால் கீறி முடிக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஓரிரு மணி நேரம் கழித்து நகக்கண்ணில் தொடங்கும் காந்தல்தான் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. விரல்களின் உட்புறத் தோல் தடித்தது என்பதால் காரம் மெதுவாகவே இறங்குகிறது. ஆகவே, எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காருவதே முதல் தவறு.

காரமெல்லாம் விதையில் இருக்கிறது என்று நம்புவதும் தவறு. காரத்தைத் தரும் கேப்சைசின், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நரம்பில்தான் உருவாகிறது. அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். நகத்தடியில் புகுந்துவிட்டால் சோப்பு நுரை அங்கே எளிதில் எட்டாது. சிறு கரண்டியின் காம்பால் வழித்தெடுத்தால் போதும்.

மெல்லிய ரப்பர் கையுறையைக் காரம் ஊடுருவக்கூடும் என்பதால் நைட்ரைல் கையுறை மேல். காந்தாரி மிளகாய்க்கு ஓர் அடுக்கு போதும் என்றாலும், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டி 2007-இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்ற பூத் ஜோலோக்கியா மிளகாய்க்கு இரண்டு அடுக்காகப் போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. கையுறை போட்ட தைரியத்தில் கைப்பேசியையும் குழாயையும் தொட்டுவிட்டு, பிறகு அவற்றையே வெறுங்கையால் தொடுபவர்களை என்னவென்று சொல்வது! கழற்றும்போதும் வெளிப்புறம் உள்ளே மடங்குமாறு உரித்தெடுக்க வேண்டும்.

எரியத் தொடங்கியதும் குழாயடிக்கு ஓடுவது பலருக்கும் பழக்கம். கேப்சைசின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, எண்ணெயில் நன்கு கரையும். எனவே சமையல் எண்ணெயை விரல் இடுக்குகளிலும் நகக்கண்ணிலும் தேய்த்துத் துணியால் துடைத்தெடுத்து, அதன்பின் பாத்திரம் துலக்கும் சோப்பால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் கேப்சைசினும் தூண்டுகிறது (இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்). எரியும் கையில் வெந்நீர் பட்டால் எரிச்சல் இன்னும் கூடும்.

காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மிளகாயைத் தொடுவதற்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் எத்தனை முறை கழுவிய விரலிலும் கண்ணுக்குப் போதுமான காரம் மிச்சமிருக்கலாம். கை துடைத்த துண்டை உடனே துவைக்கப் போட்டுவிடுங்கள். அடுத்து அதில் முகம் துடைப்பவருக்கு நடந்தது எதுவும் தெரியாது.