அறுந்த கிடார் கம்பியைத் தூக்கிப் போடாதீங்க, முதல்ல உற்றுப் பாருங்க

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் வீட்டுப் பையன் கிடாரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடி ஏறி வந்தான். "அண்ணா, ட்யூன் பண்ணிட்டே இருந்தேன், பட்டுனு அறுந்துடுச்சு. கிடார் போச்சா?" வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அழுகை தொண்டைவரை வந்துவிட்டது.

கிடார் போகவில்லை. கம்பி என்பது பேனா ரீஃபில் மாதிரி, தீரத்தான் செய்யும். "சரி, அறுந்த கம்பி எங்கடா?" என்றேன். குப்பைக்கூடையில் போட்டுவிட்டானாம். திரும்ப அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். புதுக் கம்பி மாட்டப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் பழையது எங்கே, எப்படி அறுந்தது என்று பார்க்காமல் மாட்டினால் புதியதும் அதே இடத்தில் அறும்.

தொடுவதற்கு முன்

ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிடாரில் 12 நம்பர் (நம்பர் என்னவென்று பின்னால் சொல்கிறேன்) முதல் கம்பி, அதாவது எல்லாவற்றிலும் மெல்லியதாகக் கீழே இருக்கிறது, ட்யூனில் நிற்கும்போது சுமார் 10 கிலோ இழுவையைத் தாங்குகிறது. ஆறும் சேர்ந்தால் 70 கிலோவைத் தாண்டும். அதனால் தலைப்பக்கம் கம்பியை இறுக்குகிற திருகான கீயை முறுக்கும்போது முகத்தைக் கம்பிக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்ற வேண்டாம். அறுந்த துண்டு தரையில் விழுந்திருந்தால் தேடி எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் வெறுங்காலோடுதான் நடக்கிறோம்.

ஒன்று அறுந்ததும் மற்ற ஐந்தின் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கும். பயப்பட வேண்டாம். இழுவை குறைந்ததால் கிடாரின் கழுத்து லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே அறுந்தது?

பிரிட்ஜ் பக்கம், அதாவது கிடாரின் உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கிற மரக்கட்டைப் பக்கம், கம்பி ஏறி இறங்குகிற வெள்ளைப் பட்டைமேல் அறுந்திருந்தால், அந்தப் பட்டையில் கூர்முனை இருக்கிறது. அதற்கு சேடில் என்று பெயர். விரல் நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும். 1000 நம்பருக்கு மேற்பட்ட வழவழப்பான எமரி பேப்பரால் அந்த ஒரு புள்ளியை மட்டும் நாலு தேய், போதும். அதிகம் தேய்த்தால் கம்பி தாழ்ந்து, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடான ஃப்ரெட்டில் உரசி இரையும்.

தலைப்பக்கம், கீயின் தண்டில் இருக்கிற ஓட்டையருகே அறுந்திருந்தால், ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருக்கலாம். இதற்கு ஒரு சின்ன வேலை செய்யலாம். பழைய தடிமனான கம்பியை அந்த ஓட்டைக்குள் விட்டு முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை இழுங்கள். அதன்மேல் சுற்றியிருக்கிற கம்பியே அரம்போல வேலை செய்யும்.

கீ முறுக்கும்போது "டிங், டிங்" என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால், கழுத்தின் உச்சியில் இருக்கிற இன்னொரு வெள்ளைப் பட்டையான நட்டில் கம்பி சிக்குகிறது. பென்சிலைச் சீவி, அதன் கரிப்பொடியைப் பள்ளத்தில் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும்.

முனை கறுத்தும் பழுப்பேறியும் இருந்தால் துரு. சென்னையில் பாதி கேஸ் இதுதான்.

பையன் கொண்டுவந்த கம்பியின் முனையோ பளபளவென்று இருந்தது. தண்டில் முதல் மடிப்பு விழுகிற இடத்தில் அறுந்திருந்தது. துருவும் இல்லை, பிசிறும் இல்லை. "எந்தக் கம்பியைத் தட்டிக்கிட்டு எந்தக் கீயைத் திருப்புன?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "போன்ல ட்யூனர் ஆப்புல முள்ளு நகரவே இல்லண்ணா. அதான் இன்னும் திருப்புனேன்." இரண்டாம் கம்பியைத் தட்டிக்கொண்டு முதல் கம்பியின் கீயை முறுக்கியிருக்கிறான். புதிதாகக் கற்கிற எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். கீயைத் தொடும் முன் கம்பியைக் கிடாரின் தலைப்பக்கம்வரை விரலால் தடவிப் போய் எந்தத் தண்டில் ஏறுகிறது என்று பாருங்கள்.

என்ன வாங்குவது?

முதலில் கிடார் எந்த வகை என்று தெரிய வேண்டும். கீழ் மூன்று கம்பிகள் ஒளிபுகும் நைலானாக இருந்தால் அது கிளாசிக்கல் கிடார். அதில் ஸ்டீல் கம்பி மாட்டவே கூடாது. நைலான் செட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவை, பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும். "ஏதோ ஒரு கிடார் ஸ்ட்ரிங் குடுங்க" என்று கேட்டு வாங்கி இப்படி நாசமான கிடார்களைப் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரிக் கிடாருக்கு 9 அல்லது 10 நம்பர் செட்.

அக்கூஸ்டிக்குக்கு 10, 11, 12 என்று நம்பர் சொல்வார்கள். முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் எத்தனை பங்கு என்பதுதான் அது. 12 செட்டில் ஆறாம் கம்பி வழக்கமாக 53. விரல் வலிக்கிற தொடக்கக்காலத்தில் 10 அல்லது 11 போதும். இப்போது இருக்கிற நம்பரையே வாங்குவது பாதுகாப்பு.

செட் மாட்டி ஒரு மாதம்தான் ஆகிறதென்றால் அறுந்ததை மட்டும் வாங்குங்கள். முதல் கம்பியைத் தனியாகவும் பல கடைகளில் தருவார்கள். நாலைந்து மாதமாகிவிட்டதா, ஆறையும் மாற்றிவிடுங்கள். பழைய ஐந்தின் நடுவே புதியது ஒன்று மட்டும் கணீரென்று ஒலித்துக் காதை உறுத்தும். அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் முதல் பேட்டைக் கடைகள்வரை எங்கும் செட் கிடைக்கிறது. பாக்கெட்டை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை நம்பர் தேட வேண்டியதில்லை. டி'அடாரியோ என்ற கம்பெனியின் செட்டில் கம்பி நுனிக் குண்டுகளுக்கு நிறம் உண்டு. முதல் கம்பியிலிருந்து வெள்ளி, ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, பித்தளை.

கழற்றுவது

மிச்சத் துண்டைக் கீயிலிருந்து உருவி எடுங்கள். அடுத்து பிரிட்ஜில் செருகியிருக்கிற பின் என்கிற சின்ன முளை. இங்கேதான் ஆளுக்கு ஆள் கட்டிங் பிளேயரை எடுத்துக் கடித்துப் பின்னைப் பிளக்கிறார்கள். வேண்டாம். பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தி, கிடாரின் நடுவில் இருக்கிற வட்ட ஓட்டையான சவுண்டு ஹோலுக்குள் கையை விட்டு, பின்னின் அடியை ஒரு ரூபாய் நாணயத்தால் மேலே தள்ளுங்கள். தானாக எழும்பி வரும்.

மாட்டுவது

குண்டு இருக்கிற முனையை லேசாக வளைத்து ஓட்டைக்குள் விடுங்கள். பின்னில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அது சவுண்டு ஹோலைப் பார்த்தபடி இருக்க, பின்னைப் பாதி செருகிக் கம்பியை மேலே இழுங்கள். குண்டு உள்ளே பலகையில் போய் முட்டுவது கையில் தெரியும். அப்போதுதான் பின்னை முழுதாக அழுத்த வேண்டும். முட்டாமல் பின்னின் அடியில் குண்டு நின்றுவிட்டால், ட்யூன் செய்யும்போது பின் தெறித்துப் பறக்கும்.

இப்போது தலைப்பக்கம். கம்பியைத் தண்டின் ஓட்டையில் நுழைத்து விறைப்பாக இழுத்துவிட்டு, பிறகு தளர்வு கொடுங்கள். தண்டு ஒரு சுற்றுக்குச் சுமார் 2 செ.மீ. விழுங்கும். மெல்லிய கம்பிக்கு மூன்று சுற்று வேண்டும், ஆக 6 செ.மீ. தளர்வு. தடிமனானவற்றுக்கு இரண்டு சுற்று போதும், 4 செ.மீ. சுற்று குறைந்தால் வழுக்கும். ஏழெட்டுச் சுற்று சுற்றினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு சுருதி நிற்காது.

கம்பி தண்டுகளின் உட்புறமாக, அதாவது தலையின் நடுப்பக்கமாக ஏற வேண்டும். ஒரு கையால் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே விழும்படி முறுக்குங்கள். மிச்ச வாலை இப்போதே வெட்டாதீர்கள். ட்யூன் முடிந்த பிறகு, முதலில் மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் தடிமனான கம்பியின் மேல்சுற்று பிரிந்து வந்துவிடும்.

சுருதி ஏற்றுவது

மேலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. முதல் கம்பி 330 ஹெர்ட்ஸுக்கு ஒரு முடி குறைவு. இதில் ஒரு பொறி இருக்கிறது. தொளதொளவென்று தொங்குகிற கம்பியும் 165-ல் நின்றால் ஆப் 'ஈ' என்றுதான் பச்சை காட்டும், ஒரு ஸ்தாயி கீழே என்று சொல்லாது. ஆகவே காதையும் கொஞ்சம் நம்புங்கள். இரண்டாம் கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தித் தட்டுங்கள். முதல் கம்பி திறந்த நிலையில் அதே ஸ்வரம் தர வேண்டும்.

சுருதி சேர்ந்ததும் பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பியை விரலால் மெல்லத் தூக்கி இழுங்கள். சுருதி இறங்கும். மறுபடி ஏற்றுங்கள், மறுபடி இழுங்கள். நாலைந்து முறை செய்தால் நிலைக்கும். அப்படியும் மறுநாள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கம்பி மோசம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

கையில் கம்பியே இல்லையென்றால்

எங்கள் சர்ச் கொயரில் ஒரு கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு இருபது நிமிடம் முன்பு என் முதல் கம்பி சேடில் அருகே அறுந்தது. பெரம்பூரில் அந்த நேரத்தில் பிரியாணிக் கடைதான் திறந்திருக்கும். அறுந்த துண்டிலிருந்து குண்டைக் கழற்றி, மீதிக் கம்பியை அதன் துளைவழியே விட்டு, தன்மேலேயே ஏழெட்டு முறுக்கு முறுக்கினேன். சோம்பலில் முன்பு தண்டில் சுற்றி வைத்திருந்த அதிகப்படி நாலு சுற்று அன்றைக்கு உதவியது. பூசை முடியும்வரை தாங்கியது. நடுவில் அறுந்தால் இது நடக்காது. முடிச்சுப் போட்டு ஒட்டவைக்கவும் முயலாதீர்கள்.

நம்ம ஊர்க் காற்று

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்போது கிடார் கம்பி எம்மாத்திரம்? வியர்வை வேறு. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. அரை நிமிட வேலை. பையில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள், ஷூ பெட்டியில் வருவதே போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை விடாதீர்கள்.

துருப்பிடிக்காமலிருக்க என் அப்பா ஒருமுறை அன்போடு ஆறு கம்பிக்கும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார். தூசியெல்லாம் அப்பிக்கொண்டு ஒரே வாரத்தில் கம்பிகள் ஊமையாகிவிட்டன. கிடார் மட்டும் மாதக்கணக்கில் மணந்தது.

கழற்றிய கம்பிகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். காலையில் வண்டியோடு வருகிற அக்கா வெறுங்கையால் பிரித்தெடுக்கிறார். சுருட்டி, டேப் ஒட்டி, காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு மூடிக் கொடுங்கள். ஒரே ஒரு தடிமனான துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தண்டு ஓட்டையைத் தேய்க்க.