புகார் கொடுத்தவரை வழக்கே காயப்படுத்தும் இடங்கள்

குற்றத்தில் அடிபட்டவரைக் கண்ணியத்தோடும் பரிவோடும் நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1985-லேயே அறிவித்துவிட்டது. அதை மறுப்பவர் யாரும் இல்லை. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கைப்பழக்கமாகச் செய்யும் வேலைகளில்தான் சறுக்குகிறது.

முதல் சறுக்கல் கேள்வியில். "ஏன் கத்தவில்லை?", "அங்கே எதற்குப் போனீர்கள்?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதாகவே காதில் விழும். கடும் பயத்தில் உடம்பு உறைந்து, குரல் எழும்பாமல் போவது சகஜம். அதற்கு அவரிடமே காரணம் இருக்காது. கேட்டுவிட்டார்களே என்று எதையாவது சொல்வார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வது அந்த "எதையாவது"தான். "என்ன நடந்தது, ஞாபகம் வருகிறபடி சொல்லுங்கள்" என்று ஆரம்பியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் குறுக்கிட வேண்டாம். அதிர்ச்சியில் பதிந்த நினைவு வரிசையாக வராமல் போகலாம். ஒரு சத்தமோ வாசனையோ முதலில் வரலாம். தேதி, நேரத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, ஒரே கதையைப் பலரிடம் சொல்ல வைப்பது. புகார் வாங்குபவர், விசாரணை அதிகாரி, மருத்துவர், வழக்கறிஞர் என்று ஆளாளுக்குத் தம் சொல்லில் எழுதுவார்கள். அந்த வித்தியாசமெல்லாம் பிறகு பாதிக்கப்பட்டவரின் "முரண்பாடு" ஆகிவிடும். புகார் வாங்குபவர் யார், எங்கே, எப்போது, காயம் உண்டா, ஆபத்து இன்னும் இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். விரிவான வாக்குமூலத்தைப் பயிற்சி பெற்ற ஒருவரே, முடிந்தவரை ஒரே முறையில், வீடியோவில் பதியட்டும். குழந்தைகளுக்காக ஐஸ்லாந்து 1998-ல் தொடங்கிய ஏற்பாட்டில் ஒருவர்தான் பேசுவார்; மற்றவர்கள் வேறு அறையிலிருந்து பார்ப்பார்கள்.

தகவல் சொல்லாமல் விடுவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஜாமீனில் வந்தவரைத் தெருவில் பார்த்துத்தான் விடுதலையே தெரியவருகிறது என்றால் என்ன பாதுகாப்பு? வெளியே விடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். யார் அழைப்பது, எந்த எண்ணுக்கு என்பதைப் புகார் வாங்கும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள் நடந்த குற்றமானால், குறுஞ்செய்தியை முதலில் படிப்பது குற்றவாளியாகவே இருக்கலாம்.

நீதிமன்ற வராந்தாவில் இரு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது இன்னும் நடக்கிறது. புதிய நீதிமன்றங்களில் தனிக் காத்திருப்பு இடம் வேண்டும் என்று 2012 ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு சொல்கிறது. பழைய கட்டடம் என்றால் வெவ்வேறு வாசல், வெவ்வேறு நேரம். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாமலிருக்க வைக்கும் திரைக்கும் வீடியோ சாட்சியத்துக்கும் சாட்சி சொல்லும் நாளன்று காலையில் மனு போட்டால் பலனில்லை, முன்பே போட வேண்டும்.

சாட்சியத்துக்காகப் போனை வாங்கினால் தேவையான தேதிகளின் தகவலை மட்டும் எடுத்து, ரசீது கொடுத்து, எப்போது திரும்பக் கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். "தண்டனை வாங்கிக் கொடுத்துவிடுவோம்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்புக்கு வழக்கு ஆவணங்களின் நகல் போகும் முன், வழக்குக்குத் தேவைப்படாத இடங்களில் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அவருடைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறையுங்கள். இணைப்புத் தாள்களையும் மருத்துவ அறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மறைக்காமல் தப்பிவிடுகிறது.