முப்பது டிஷ்ஷைக் கோத்தால் எல்லாம் தெரிந்துவிடாது

புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கத்தில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். 14 நடுவில் நெருக்கமாக, மீதி மூன்று கைகளாக விரிந்து 25 கி.மீ. வரை போகின்றன. "அப்போ இது 25 கி.மீ. அகல டிஷ்தானே?" என்று கேட்காதவர் இல்லை. நுணுக்கத்தில் சரி. ஆனால் வாங்கும் அலை 30 டிஷ்ஷின் பரப்புக்கு மட்டும்தான், அதாவது 246 மீட்டர் டிஷ் ஒன்று வாங்குவதுதான். மங்கலான பொருளைத் தேடப் போகிறவர் இந்தக் கணக்கை மறந்தால் தொலைநோக்கியில் கேட்டு வாங்கிய நேரம் போதாமல் திணறுவார்.

இதைவிடப் பெரிய தவறு, டிஷ்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது. இரண்டு டிஷ் சேர்ந்த ஒவ்வொரு ஜோடியும் (30 டிஷ்ஷுக்கு 435 ஜோடி) வானத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுள்ள அமைப்பைத்தான் உணரும். தூரத்து ஜோடி நுணுக்கத்தை, பக்கத்து ஜோடி பெரிதாகப் பரந்து கிடப்பதை. பக்கத்து ஜோடியும் ஓரளவுக்கு மேல் நெருங்க முடியாதே, டிஷ்ஷே 45 மீட்டர். அதனால் 21 செ.மீ. அலைநீளத்தில் ஜிஎம்ஆர்டி 2 விகலை (ஒரு பாகையை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை) வரை பிரித்துப் பார்க்கும், ஆனால் 7 கலைக்கு மேல் (60 விகலை ஒரு கலை; 7 கலை நிலாவின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி) வழவழவென்று பரந்த வாயு மேகம் படத்தில் மங்கலாகக்கூட வராது, காணாமலே போய்விடும். புதிதாக வருகிறவர்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்து "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இருந்தது, நீங்கள் அளக்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கியின் 27 டிஷ்களைத் தண்டவாளத்தில் நகர்த்தி 36 கி.மீ. விரிப்பிலிருந்து ஒரு கி.மீ. வரை சுருக்குவது சும்மா இல்லை. அது போதாதபோது ஒற்றை டிஷ்ஷில் எடுத்த தரவையும் சேர்ப்பார்கள்.

அப்புறம் கேலிப்ரேட்டர், அதாவது அளவைச் சரிபார்க்க இடையிடையே பார்க்கும் பொருள். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைக் குறைக்காதீர்கள். வளிமண்டலத்தின் மேலே இருக்கும் அயனி மண்டலம் அலையின் கட்டத்தை (அலை ஏறி இறங்கும் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) கலைத்துக்கொண்டே இருக்கும், குறைந்த அதிர்வெண்ணில் இன்னும் மோசம். புள்ளி போலத் தெரியும், நமக்கு நன்றாகத் தெரிந்த ரேடியோ பொருள் ஒன்றை அடிக்கடி பார்த்துவிட்டு வந்தால்தான் எவ்வளவு கலைந்தது என்று பிடிக்க முடியும். பிறகு நாம் பார்க்க வந்த பொருளையே வைத்துத் திருத்தலாமே என்றால், பளிச்சென்று இருந்தால் திருத்தலாம். மங்கலாக இருக்கும்போது அந்தத் திருத்தம், பொருள் இப்படித்தான் இருக்கும் என்று நாம் கொடுத்த மாதிரியையே இரைச்சலிலிருந்து செதுக்கிக் கையில் கொடுத்துவிடும். ரொம்ப அழகாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து.

2019-இல் வந்த எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு நிறத்தை உண்மை என்று நம்புவதும் இந்தத் தவறுகளில் சேரும். 1.3 மி.மீ. அலைக்கு ஏது நிறம்? அது பிரகாசத்தைக் காட்டப் பூசியது.