கோமாளி மீன் முட்டையிட்ட பிறகு தீவனம் தேடாதீர்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கோமாளி மீன் முட்டையிட்டால் தலைகால் புரியாது. படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். தீவனத்தைப் பற்றி நினைப்பு வரும்போது குஞ்சுகள் பொரிந்திருக்கும்.

பொரிந்த குஞ்சு 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். வயிற்றில் மஞ்சள்கரு சொற்பமே மிஞ்சியிருக்கும் என்பதால் சில மணி நேரத்திலேயே இரை தேடும். அந்த வாய்க்கு ஏற்றது ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சு கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். முதல் சில நாள்களுக்கு அது விழுங்க முடியாத கவளம். பசித்த குஞ்சு அதைச் சுற்றிச் சுற்றி நீந்தியே செத்துப்போகும். ஆகவே ஜோடி சேர்ந்த உடனேயே ரோட்டிஃபர் வளர்க்கத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது, தகப்பன் மேல் போடும் பழி. ஆண் மீன் செட்டையால் விசிறும், முட்டைகளை வாயால் தடவும், வெளுத்துச் செத்தவற்றைத் தின்னும். பூஞ்சை பரவாமல் காப்பது அதுவே. முட்டைகளைத் தின்கிறது என்று பதறிப் பிரித்துவிட்டால் அந்த வேலையை யார் செய்வது? (புதிய ஜோடி முதல் ஈற்றை முழுதாகவே தின்பதும் உண்டு, அதற்குப் பொறுமைதான் மருந்து.) 28 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில், ஆரஞ்சு நிற முட்டைகளுக்குள் கண்கள் வெள்ளியாக மின்னும். முட்டைகள் ஒட்டியுள்ள ஓட்டுத் துண்டை அன்று மாலை வேறு தொட்டிக்கு மாற்றினால் போதும். மாற்றியதும் தகப்பனுக்குப் பதிலாகக் காற்றுக் குமிழிகள் முட்டைகளை மெல்ல அசைக்க வேண்டும்.

குஞ்சுகள் இருட்டிய பிறகே பொரியும். கூடத்து விளக்கை நள்ளிரவு வரை எரியவிட்டால் பொரிப்பது தள்ளிப்போகும். படுக்கையறையில் தொட்டியை வைத்துவிட்டு இரவெல்லாம் குளிர்சாதனத்தை ஓடவிடுவதும் வேண்டாம். சின்னத் தொட்டி விரைவில் குளிர்ந்துவிடும்.

தண்ணீரில் ஒரு சிங்கப்பூர்ச் சிக்கல் உண்டு. நம் குழாய்நீரில் கிருமி கொல்லச் சேர்ப்பது குளோராமின். வாளியில் ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழைய பாடம் இதற்குப் பொருந்தாது. நீக்கும் மருந்து சேர்த்த பிறகே உப்புக் கலக்க வேண்டும். குஞ்சுத் தொட்டியைப் பெற்றோர் தொட்டி நீரால் நிரப்புவதே என் விருப்பம். குஞ்சுகளை வலையால் அள்ளாதீர்கள், கோப்பையால் தண்ணீரோடு முகந்தெடுங்கள்.