ஒரே நாளில் கூ சி சுரங்கங்களும் மீகாங் டெல்டாவும்: முதன்முறை செல்வோருக்கான வழிமுறை

தெற்கு வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குச் செல்பவர்கள் நகரத்துக்கு வெளியே பார்க்க விரும்பும் இடங்களில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, போர்க்காலத்தில் மண்ணுக்கடியில் தோண்டப்பட்ட கூ சி சுரங்கப்பாதைகள். மற்றொன்று, மீகாங் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் டெல்டா. இரண்டுக்கும் தனித்தனியே ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். கையில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், இரண்டையும் அந்த ஒரு நாளில் பார்க்க முடியும். ஆனால் எதை விடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால்தான் அந்த நாள் பயனுள்ளதாக அமையும்.

படி 1: வரைபடத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள்

கூ சி நகர மையத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. டெல்டாவின் நுழைவாயிலாக விளங்கும் மீ தோ நகரம் தென்மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு திசைகளில் இருப்பதால், ஒன்றைப் பார்த்துவிட்டு அதே வழியில் மேலும் சென்று மற்றொன்றை அடையலாம் என்று நினைக்க வேண்டாம். நகரத்தின் புறப்பகுதி வரை திரும்பி வந்துதான் அடுத்த திசையில் செல்ல வேண்டும். காலையில் கூ சி செல்ல ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து மீ தோ செல்ல இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், மாலையில் நகரம் திரும்ப மீண்டும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என, சாலையில் மட்டுமே ஐந்து முதல் ஆறரை மணி நேரம் கழிந்துவிடும். காலை 7 மணிக்குப் புறப்பட்டு இரவு 7 மணிக்குள் திரும்புவதாக வைத்துக்கொண்டால், இரண்டு இடங்களுக்கும் உணவுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஆறு மணி நேரம் அளவில்தான்.

மீகாங் என்றவுடன் பலரின் மனதில் தோன்றும் மிதக்கும் சந்தை, கன் தோ நகரத்துக்கு அருகிலுள்ள காய் ராங்கில் நடக்கிறது. அது ஹோ சி மின் நகரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விடியற்காலையில் சூடுபிடித்து முற்பகலிலேயே ஓய்ந்துவிடும் சந்தை அது. ஆகவே இந்த ஒருநாள் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

படி 2: எந்தச் சுரங்க வளாகம் என்பதை முடிவு செய்யுங்கள்

கூ சி என்ற பெயரில் பயணிகளுக்குத் திறந்திருக்கும் வளாகங்கள் இரண்டு: பென் தின், பென் துவோக். நகரத்துக்குச் சற்று அருகில் இருப்பது பென் தின். பெரும்பாலான குழுப் பயணங்கள் அங்குதான் செல்கின்றன, கூட்டமும் அங்குதான் மிகுதி. பென் துவோக் இன்னும் தள்ளியிருக்கிறது, அமைதியானது, பரந்தது. போரில் உயிரிழந்த 40,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் கல்லில் பொறித்த நினைவாலயம் அங்கே இருக்கிறது. வரலாற்றில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர்களுக்குப் பென் துவோக்கையே பரிந்துரைப்பேன். ஆனால் அதே நாளில் டெல்டாவுக்கும் செல்வதென்றால் பென் தின்தான் பொருத்தம். அதில் மிச்சமாகும் நேரம் பிற்பகலில் ஆற்றில் உதவும்.

படி 3: குழுவோடு செல்வதா, தனி வாகனமா?

இரண்டு இடங்களையும் பேருந்து மாறி மாறிச் சென்று ஒரே நாளில் பார்ப்பது நடைமுறையில் இயலாது. எனவே குழுப் பயணம் அல்லது ஓட்டுநருடன் கூடிய தனி வாகனம் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாகவோ இருவராகவோ செல்பவர்களுக்குக் குழுப் பயணம் செலவைக் குறைக்கும். நான்கு பேருக்கு மேல் இருந்தாலோ, குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தாலோ, தனி வாகனத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது. எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும்.

குழுப் பயணத்துக்கு முன்பதிவு செய்யும்போது விலையை மட்டும் ஒப்பிடாமல் சில கேள்விகளை எழுத்து மூலமாகவே கேட்டுவிடுங்கள். வாகனத்தில் எத்தனை பேர் வருவார்கள், எந்த வளாகத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள், நுழைவுக் கட்டணமும் படகுக் கட்டணமும் சேர்த்துச் சொன்ன விலையா, மதிய உணவு எங்கே, வழியில் கைவினைப் பொருள் கூடங்களில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்ற ஐந்துக்கும் தெளிவான பதில் வேண்டும். கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நேரம் இறுக்கமான இந்தத் திட்டத்தில் கடைகளில் கழியும் அரை மணி நேரம் படகில் குறையும்.

படி 4: முன்னேற்பாடுகள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வியட்நாம் அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மின்-விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் அது அதிகபட்சம் 90 நாட்களுக்கு வழங்கப்படுகிறது. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமலே தங்கலாம்.

வியட்நாம் நாணயமான டோங்கைக் கையில் சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் நீலச் சாயலிலேயே இருப்பதால், அவசரத்தில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை நீட்டிவிட வாய்ப்பு அதிகம். பெரிய நோட்டுகளைப் பணப்பையின் வேறொரு அறையில் வைப்பது பாதுகாப்பு.

உடை எளிமையாகவும் மண் பட்டாலும் கவலைப்பட வேண்டாததாகவும் இருக்கட்டும். முழங்கால் மூடும் தளர்வான கால்சட்டையும், பிடிமானமுள்ள மூடிய காலணியும் ஏற்றவை. தொப்பி, கொசு விரட்டிக் களிம்பு, குடிநீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்பதால் அந்த மாதங்களில் மெல்லிய மழை அங்கியும் தேவைப்படும்.

சைவ உணவு உண்பவர்கள் முன்பதிவின்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு சேர்ப்பது அங்கே இயல்பு. "அன் சாய்" என்று சொன்னால் சைவம் என்பது எவருக்கும் புரியும். பௌத்த மரபில் சைவ நோன்பு வழக்கத்தில் இருப்பதால் இந்தக் கோரிக்கையை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

படி 5: முற்பகல், கூ சியில்

கூ சியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் சுரங்கத்துக்குள் இறங்குவது எளிது. களைத்த உடலுக்குப் பிற்பகலில் படகுதான் இதம்.

உள்ளே நடக்கத் தொடங்கும் முன் சிறிது வரலாற்றை மனதில் வைத்திருங்கள். இங்கே சுரங்கம் தோண்டுவது 1940-களில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போரின்போதே தொடங்கிவிட்டது. 1960-களில் அமெரிக்கப் படைகள் வந்தபோது, அவற்றை எதிர்த்த வியட்கொங் போராளிகளின் கையில் அந்தச் சிறு பதுங்கிடங்கள் ஊர்களை இணைக்கும் வலைப்பின்னலாக விரிந்தன. மொத்த நீளம் 200 கிலோமீட்டருக்கும் மேல் எனக் கணக்கிடப்படுகிறது. இறுகிய செந்நிறக் களிமண் நிலம் என்பதால் தாங்குகட்டைகள் இல்லாமலேயே சுவர்கள் நின்றன. அமெரிக்காவின் 25-ஆவது காலாட்படைப் பிரிவு தன் பெரும் முகாமைக் கூ சியிலேயே அமைத்தது. 1966 ஜனவரியில் அமெரிக்க, ஆஸ்திரேலியப் படைகள் சேர்ந்து ஒரு பெரும் தேடுதல் நடவடிக்கையை மேற்கொண்டன. 1967 ஜனவரியில் ஏறக்குறைய 30,000 வீரர்களுடன் அதைவிடப் பெரிய நடவடிக்கை நடந்து, பென் சுக் என்ற கிராமத்தின் மக்கள் வெளியேற்றப்பட்டு அவ்வூர் தரைமட்டமாக்கப்பட்டது. அதன் பின்னும் சுரங்கங்களை முழுமையாக அழிக்க முடியவில்லை.

வளாகத்தில் வழிகாட்டி முதலில் காட்டுவது பெரும்பாலும் ஒரு வாசல்தான். காய்ந்த இலைகள் கிடக்கும் இடத்தில் அவர் காலால் சருகை விலக்குவார். ஒரு சிறிய செவ்வக மரப்பலகை தெரியும். அதைத் தூக்கினால் வரும் திறப்பு, ஒல்லியான ஒருவரின் தோள் மட்டுமே நுழையக்கூடிய அளவு. அவர் கால்களை உள்ளே விட்டு, பலகையை இரு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி கீழே அமிழ்வார். பலகை தன் இடத்தில் பொருந்தியதும், சற்று முன் அங்கே ஒரு மனிதர் நின்றார் என்பதற்கான தடயமே இருக்காது. இதை நிதானமாகப் பாருங்கள். படம் எடுக்கும் அவசரத்தில் தவறவிட வேண்டாம்.

அடுத்து, காற்றுத் துளைகளைத் தேடிப் பாருங்கள். கறையான் புற்றுகளைப் போல வடிவமைத்து அவற்றை மறைத்திருந்தனர். மோப்ப நாய்களைத் திசைதிருப்ப மிளகாய்த் தூளையும், அமெரிக்க வீரர்கள் பயன்படுத்திய சோப்பையும் துளைகளின் அருகே வைத்தனர். சமையலறை அமைப்பு இன்னும் நுட்பமானது. அடுப்பின் புகை நேராக மேலே போகாமல், மண்ணுக்குள் வெட்டிய நீண்ட வழிகள் வழியாகச் சென்று, குளிர்ந்து, தொலைவில் தரையோடு தரையாக மெல்லக் கசியும். பிரெஞ்சுப் போரின்போது இதை உருவாக்கிய படைச் சமையற்காரர் ஹோவாங் கமின் பெயராலேயே இந்த அடுப்பு இன்றும் அழைக்கப்படுகிறது. விடியற்காலையில் மட்டுமே சமைத்ததால், எஞ்சிய புகையும் பனிமூட்டத்தோடு கலந்து மறைந்தது. இவையெல்லாம் சாமர்த்தியம் மட்டுமல்ல; மலேரியாவுக்கும் காற்றுக் குறைவுக்கும் இடையே மாதக்கணக்கில் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதன் அடையாளங்கள்.

பயணிகள் ஊர்ந்து செல்லும் சுரங்கப் பகுதி மூலச் சுரங்கத்தைவிட அகலப்படுத்தப்பட்டது. மொத்தம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம் இருந்தாலும், இடையிடையே வெளியேறும் வழிகள் உள்ளன. முதன்முறை செல்பவர்கள் முதல் வெளிவழி வரை மட்டும் சென்று பார்த்துவிட்டுத் தொடரலாமா என்று முடிவு செய்வது நல்லது. மூடிய இடங்களில் அச்சம், மூச்சுத் தொல்லை, இதய நோய், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்றுவிடலாம். தரைக்கு மேலே பார்ப்பதற்கே போதுமானவை இருக்கின்றன. உள்ளே இறங்குமுன் பையை உடன் வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்; கைபேசியை முன்பையில் பொத்தானிட்டு வையுங்கள்.

வளாகத்துக்குள்ளேயே துப்பாக்கி சுடும் இடம் ஒன்று இருக்கிறது. பணம் கொடுத்துக் குண்டுகள் வாங்கிச் சுடலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு பேர் மடிந்த மண்ணில் அது பொருந்தவில்லை என்பதே என் எண்ணம், நேரமும் போகும். அந்த வெடியோசை வளாகம் முழுவதும் கேட்கும் என்பதைச் சிறு குழந்தைகளுடன் வருபவர்களும், போரை நேரில் அனுபவித்தவர்களும் முன்பே அறிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை வேர்க்கடலை, உப்பு கலந்த பொடியில் தொட்டுச் சாப்பிடத் தரும் இடத்தில் சற்று உட்காருங்கள். போராளிகளின் அன்றாட உணவு அதுதான்.

படி 6: இடைப் பயணம்

முற்பகல் 11 மணிக்குள் கூ சியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இதில் கண்டிப்பாக இருங்கள். மதிய உணவை வழியில் முடித்துக்கொள்வதா, மீ தோவில் வைத்துக்கொள்வதா என்பது ஏற்பாட்டாளரைப் பொறுத்தது. தனி வாகனத்தில் செல்பவர்கள் மீ தோவில் வைத்துக்கொள்வது நல்லது. பயண நேரத்தில் தூங்கி எழலாம். மீன் உண்பவர்கள் யானைக்காது மீன் எனப்படும் அகன்ற மீனை முழுதாகப் பொரித்து, அரிசித் தாளில் கீரைகளோடு சுருட்டித் தருவதைச் சுவைத்துப் பாருங்கள்.

படி 7: பிற்பகல், ஆற்றில்

திபெத்தியப் பீடபூமியில் தோன்றி ஆறு நாடுகளைத் தொட்டு வரும் மீகாங்கை வியட்நாமியர் கூ லோங், அதாவது ஒன்பது டிராகன்கள், என்று அழைக்கின்றனர். மீ தோவின் முன்னால் ஓடும் தியென் ஆறு அதன் பெருங்கிளைகளில் ஒன்று. எதிரே நான்கு தீவுகள் இருக்கின்றன. பெரிய மோட்டார் படகு முதலில் தோய் சோன் தீவுக்கோ, அக்கரையில் உள்ள பென் ட்ரே பகுதிக்கோ அழைத்துச் செல்லும். நான்கையும் பார்க்க முயல வேண்டாம். ஒரு தீவு, ஒரு கிராமத் தொழில், ஒரு சிறு கால்வாய் என்று வைத்துக்கொண்டால் பிற்பகல் நிறைவாக அமையும்.

பென் ட்ரே தென்னைக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள தேங்காய் மிட்டாய்க் கூடத்தில் தேங்காயைத் துருவிப் பாலெடுத்து, சர்க்கரையும் மால்ட்டும் சேர்த்துக் கிண்டி, பாகு இறுகும் பதத்தில் நீண்ட அச்சுகளில் ஊற்றுவார்கள். ஆறியதும் பெண்கள் அதைக் கத்தியால் ஒரே அளவில் வெட்டி, முதலில் மெல்லிய அரிசித் தாளிலும் பிறகு வெளித்தாளிலும் சுற்றுவார்கள். உள்ளே இருக்கும் அந்த மெல்லிய தாளைப் பிரிக்காமல் அப்படியே சாப்பிட வேண்டும். தேன் கலந்த தேநீரும் பழங்களும் பரிமாறும் இடத்தில் "தோன் கா தாய் து" என்ற தென் வியட்நாமிய இசையைக் கேட்கலாம். 2013-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. இதில் வாசிக்கும் கிட்டாரின் கழுத்தில் உள்ள மெட்டுகளுக்கு (குறுக்குக் கட்டைகளுக்கு) இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். வீணையில் கமகம் பிடிப்பதைப் போல, தந்தியை அழுத்தி ஸ்வரத்தை அசைப்பதற்காகவே அந்தக் குழிவு. பாட்டு முடிந்ததும் தட்டில் சிறு தொகை வைப்பது வழக்கம்.

இதன் பிறகுதான் சிறு துடுப்புப் படகு. இரு பக்கமும் நீர்த்தென்னை ஓலைகள் கவிந்திருக்கும் ஒடுங்கிய கால்வாயில், ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நின்றோ அமர்ந்தோ துடுப்பு போடுவார்கள். ஏறும்போது படகின் நடுவில் காலை வைத்து உடனே அமர்ந்துவிடுங்கள். கைகளைப் படகின் விளிம்புக்கு வெளியே நீட்ட வேண்டாம், எதிரே வரும் படகுகள் உரசிச் செல்லும். இக்கால்வாய்களில் கடலின் ஏற்ற வற்றம் நன்றாகத் தெரியும். நீர் மிகவும் வற்றிய நேரத்தில் படகு செல்லாது என்பதால், அன்றைய நீர்மட்டத்துக்கு ஏற்ப வழிகாட்டி நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றினால் மறுக்காதீர்கள்.

இந்த அமைதியான ஆற்றுக்கும் காலையில் பார்த்த சுரங்கத்துக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1963 ஜனவரி 2-ஆம் நாள் தென் வியட்நாம் அரசுப் படைக்கும் வியட்கொங் போராளிகளுக்கும் இடையே புகழ்பெற்ற அப் பாக் சண்டை நடந்தது மீ தோவுக்கு அருகில்தான். அமெரிக்காவின் 9-ஆவது காலாட்படைப் பிரிவுக்காக, ஆற்று மணலை அள்ளி வயல்களை மேடாக்கி, மீ தோவுக்கு மேற்கே தோங் தாம் தளம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் நான்கு தீவுகளில் ஒன்றான ஃபுங் தீவில், பிரான்சில் படித்த ங்குயென் தான் நாம் என்ற துறவி தேங்காய்த் துறவி என்ற பெயரில் அமைதியைப் போதித்து, அதற்காகச் சிறை சென்றார். இன்றைய டெல்டாவின் துயரம் வேறு விதமானது. வறட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வந்து 2016-லும் 2020-லும் பென் ட்ரே தோட்டங்களைக் கடுமையாகப் பாதித்தது. உங்கள் படகோட்டியிடம் வழிகாட்டியின் உதவியோடு இதைப் பற்றிக் கேளுங்கள்.

படி 8: திரும்புதல்

மாலை 4:30 மணிக்குள் கரை திரும்பிவிடுங்கள். அதிவேகச் சாலையில் பெரும்பகுதி விரைவாகக் கடந்துவிடலாம் என்றாலும், நகரத்தின் எல்லையில் மாலை நேர இருசக்கர வாகன நெரிசல் தவிர்க்க முடியாதது. கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கே முக்கால் மணி நேரம் ஆகலாம். எனவே அன்று இரவு விமானத்துக்கோ ரயிலுக்கோ பயணச்சீட்டு எடுக்காதீர்கள். இறங்கும்போது வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனியே அன்பளிப்புக் கொடுங்கள். ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தால் மற்றவருக்குப் போய்ச் சேராமல் போகலாம்.