வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸா? ஃபார்மட் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் ஒரு பென் டிரைவ் ஒரே நாளில் எத்தனை கம்ப்யூட்டர் ஏறி இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் கீழக்கரை ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் நகல், மதியம் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ, இரவில் வீட்டுக் கம்ப்யூட்டர். வைரஸும் அதே வழியில்தான் வீடு வந்து சேர்கிறது. பதறிப்போய் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், 'ஃபார்மட் போட்டுடலாம்' என்று சொல்லிவிடுவார்கள். நகல் எடுக்காமல் ஃபார்மட் போட்டால், வெளிநாட்டில் இருக்கும் மச்சான் அனுப்பிய படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்களும் சேர்ந்தே போய்விடும். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அது தேவையே இல்லை. இலவச மென்பொருளும் ஒரு நாள் பொறுமையும் இருந்தால் நாமே சுத்தம் செய்துவிடலாம்.

முதலில், இது வைரஸ்தானா?

மெதுவாக ஓடுகிறது என்பதற்காக வைரஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். மின்விசிறியில் தூசி அடைத்து, சூடேறி, தானாக அணைந்துபோகும் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸும் உதவாது. அதைத் திறந்து துடைக்க வேண்டும்.

பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆக மாறியிருப்பது, பிரவுசரின் முதல் பக்கம் தானாக மாறுவது, ஆன்டிவைரஸைத் திறக்கவே முடியாமல் போவது, நீங்கள் அனுப்பாத செய்தி உங்கள் பெயரில் சொந்தக்காரர்களுக்குப் போவது: இவைதான் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள்.

திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை வந்து, 'இந்த எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்' என்று சொன்னால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் எண் கொடுப்பதே இல்லை. போன் செய்யாதீர்கள், ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி அந்தப் பக்கத்தை மூடுங்கள். ஃபைல்கள் எல்லாம் திறக்காமல் போய், பணம் கேட்டு ஒரு குறிப்பு வந்திருந்தால் அது ரான்சம்வேர். பணம் கட்டாதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்காமல் அப்படியே நகல் எடுத்து வையுங்கள். 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது.

நெட்டைத் துண்டித்து, நகல் எடுங்கள்

வைஃபையை அணையுங்கள், மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் அதையும் அணையுங்கள். உள்ளே இருப்பது உங்கள் பாஸ்வேர்டை வெளியே அனுப்பவோ, இன்னும் நான்கு வைரஸை இறக்கவோ அதற்கு நெட் வேண்டும். சுத்தம் முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம்.

அடுத்து, படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள் ஆகியவற்றை மட்டும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். புரோகிராம்களையும் செட்டப் ஃபைல்களையும் தொடாதீர்கள். வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவதற்கு அவைதான் வசதி. இந்த ஹார்டு டிஸ்க்கையும் கடைசியில் ஸ்கேன் செய்ய வேண்டும், மறக்காதீர்கள்.

டிஃபெண்டர்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. காசு இல்லை, இறக்க வேண்டியதும் இல்லை. ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்' போங்கள். நெட்டைக் கொஞ்ச நேரம் இணைத்து, 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். புதிய வைரஸ் பட்டியல் வந்ததும் மறுபடி துண்டித்துவிடுங்கள். பழைய பட்டியலை வைத்து ஸ்கேன் செய்தால் புது வைரஸ் கண்ணில் படாமல் போகலாம்.

'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் 'ஃபுல் ஸ்கேன்' தேர்ந்தெடுங்கள். குவிக் ஸ்கேன் போதாது. இது பல மணி நேரம் ஓடும். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். மின்சாரம் போய் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஓட விடுங்கள். ஏதாவது சிக்கினால் 'குவாரன்டைன்' கொடுங்கள். அந்த ஃபைல் இனி ஓடாது. தவறாகப் பிடித்திருந்தால் பிறகு மீட்டுக்கொள்ளவும் முடியும்.

அது முடிந்ததும் அதே இடத்தில் இருக்கும் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான், ஆனால் நான் இதை மிக முக்கியமாக நினைக்கிறேன். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சில வைரஸ்கள் தங்களை மறைத்துக்கொள்ளும். ஆஃப்லைன் ஸ்கேன், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன்பே தேடுகிறது. ஒளிய இடம் கிடைக்காது. சுமார் 15 நிமிடம்தான் ஆகும்.

டிஃபெண்டர் திறக்கவே மாட்டேன் என்கிறதா? ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், கடைசியில் எண் 4 அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் நிலை. வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கிக் கொண்டுவந்து அங்கே ஓட விடுங்கள். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், அதனால் போன மாதம் இறக்கியது உதவாது.

இரண்டாவது கண்

டிஃபெண்டர் விட்ட விளம்பரக் குப்பைகளைப் பிடிக்க மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு நல்லது. நிறுவும்போது கட்டணப் பதிப்பைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும். அதை விட்டுவிட்டு ஸ்கேன் மட்டும் செய்தால் போதும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் உண்டு. எதை இறக்கினாலும் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை நம்பி இறக்காதீர்கள். முழுநேரக் காவலுக்கு ஒரே ஒரு ஆன்டிவைரஸ்தான் இருக்க வேண்டும். இரண்டு போட்டால் ஒன்றோடொன்று மோதி, கம்ப்யூட்டர் இன்னும் மந்தமாகும்.

பென் டிரைவை விட்டுவிட்டால் எல்லாம் வீண்

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துவிட்டு, பழைய பென் டிரைவை மறுநாள் செருகினால் கதை முதலிலிருந்து தொடங்கும். ஷார்ட்கட் வைரஸ் உங்கள் ஃபைல்களை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் வைக்கிறது. நீங்கள் அதைத் திறக்கும்போது வைரஸும் சேர்ந்து ஓடுகிறது. ஆகவே, டிரைவைச் செருகியதும் திறக்காமல், ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள்.

அப்புறம் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' காட்டச் சொல்லுங்கள். ஆப்ஷன்ஸில் 'ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது மங்கலாக உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும். உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து, பென் டிரைவை ஃபார்மட் செய்து, திரும்ப ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் அந்த டிக்கைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் எல்லா டிரைவுக்கும், மெமரி கார்டுக்கும், நகல் எடுத்த ஹார்டு டிஸ்க்குக்கும் ஸ்கேனை அன்றே செய்துவிடுங்கள். இனி ஜெராக்ஸ் கடைக்கென்று தனி பென் டிரைவ் ஒன்று வையுங்கள். பிரிண்ட் எடுக்க வேண்டியது தவிர அதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது.

பாஸ்வேர்டு மாற்றம்

சுத்தமானதும், முதலில் மெயில் பாஸ்வேர்டு, பிறகு பேங்க், பிறகு மற்றவை. அவசரமென்றால் காத்திருக்காமல் போனிலிருந்தே மாற்றிவிடுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். பிரவுசரில் நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அதே பெயர் வைரஸ் மறுபடி தலைகாட்டினால் ஃபார்மட்டைத் தவிர வழியில்லை. ஆனால் கடையில் கொடுக்கும்போது, திருட்டு விண்டோஸும், அதை உரிமம் உள்ளதுபோல் காட்டும் ஆக்டிவேட்டரும் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்த ஆக்டிவேட்டர்களோடு பல நேரம் வைரஸும் வருகிறது. அவற்றைப் போடுவதற்காக டிஃபெண்டரையும் அணைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கும்போது விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, காவல் இயங்குகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.